சயனைடு மலை யாருக்குச் சொந்தம்?

கோலார் தங்கவயலைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் மூன்று சங்கதிகளைத்தான் சொல்கிறார்கள். ஒன்று, 1902லேயே அங்கே கரண்டு வந்துவிட்டது, பெங்களூருக்கே அதற்கப்புறம்தான் வந்தது. இரண்டு, அது 'குட்டி இங்கிலாந்து'; வெள்ளைக்காரன் கட்டின பங்களா, கிளப்பு, கோல்ஃப் மைதானம், சர்ச்சு. மூன்றாவது சமீபத்தில் சேர்ந்தது, சினிமா. இந்த மூன்றிலும் ஓர் ஆளைக் காணோம். பூமிக்குள் இறங்கினவனைக் காணோம். அவனைச் சேர்த்தால் கதையே வேறாகிவிடும் என்பது சொல்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் இறங்கினவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு போன சேரிக்காரர்கள்.

இதை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தங்கவயல் மேட்டுநிலத்து ஊர். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே சாம்பல் வெளுப்பில் பெரிய பெரிய குன்றுகள் நிற்கும். அவை இயற்கை போட்ட மலைகள் அல்ல. பாறையை வெட்டி, மேலே தூக்கி, மாவாக இடித்து, சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டின சக்கை. ஊர் ஜனங்கள் சைனைட் மலை என்பார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டிய சக்கையில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. அதை எடுக்கலாம் என்று பல வருஷமாகப் பேச்சு நடந்து, 2024 ஜூனில் 13 மேடுகளை, ஏறத்தாழ 1,003 ஏக்கர் நிலப்பரப்பில், மறுபடி தோண்டுவதற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மத்திய அரசுக்கு எவ்வளவு, மாநில அரசுக்கு எவ்வளவு, பழைய பாக்கி எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த மலையைக் கீழேயிருந்து மேலே கொண்டு வந்தவனுக்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கரண்டு பெருமையை எடுத்துக்கொள்வோம். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் தங்கவயலுக்குக் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்காகக் கொண்டு வந்தான்? பாறை இடிக்கிற ஆலைக்கு, ஆழத்திலிருந்து கல்லைத் தூக்குகிற எந்திரத்துக்கு, தண்ணீர் இறைக்கிற பம்புக்கு. கூலிக்காரன் மூங்கில் தட்டியில் மறைப்புக் கட்டிக் குடியிருந்தான். அவன் தலைக்கு மேலே போன கம்பி அவனுக்காகப் போகவில்லை. 'ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் கண்ட ஊர்களில் ஒன்று' என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறவர்கள் ஊர் என்று எதைச் சொல்கிறார்கள்? ஊர் வேறு, சேரி வேறு என்கிற நம் கிராமத்துப் புத்திதானே அங்கேயும் பேசுகிறது?

1875இல் லாவெல் என்கிற வெள்ளைக்காரன் மைசூர் அரசிடம் குத்தகை வாங்கினான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கி சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடிய பஞ்சம். செத்தவர்கள் போக மிஞ்சினவர்கள் பண்ணையாளாக, கடனாளியாக, அரை வயிற்றோடு கிடந்தார்கள். அப்படிப்பட்ட ஜனத்திடம் மேஸ்திரி வந்து, கையில் காசு கொடுக்கிறான், வா என்றால் போகாமல் என்ன செய்வார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். நூற்றிருபது வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிற்று. மைசூர் அரசுக்கு நூற்றுக்கு ஐந்து ராயல்டி. லண்டனில் பங்கு வைத்திருந்தவனுக்கு லாபம். ஒரு டன் கல்லுக்கு எவ்வளவு தங்கம் என்று மாதாமாதம் எழுதி வைத்தான். தங்கத்தின் கணக்கில் ஒரு குன்றிமணிகூடத் தப்பவில்லை.

அந்தக் கல் எங்கேயிருந்து வந்தது? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறைச் சூடே அறுபது டிகிரியைத் தாண்டும். மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் கீழே வெட்டின இடம் திடீரென்று வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். நிலநடுக்கம் மாதிரி மேலே வீட்டிலிருக்கிற பாத்திரம்கூட அதிரும். பாத்திரம் அதிர்ந்தால், புருஷனைக் கீழே அனுப்பிவிட்டு இருக்கிறவளுக்கு அப்புறம் அடுப்பு வேலை ஓடுமா?

இதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் 1965இல் விஞ்ஞானிகள் ஒரு கருவியை வைத்து, வளிமண்டலத்தில் பிறந்து வருகிற நியூட்ரினோ என்கிற துகளின் தடயத்தைக் கண்டார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்து செய்த ஆய்வு. அதே வருஷத்தில் இன்னோர் இடத்திலும் இதைக் கண்டார்கள். அதுவும் ஒரு தங்கச் சுரங்கம்தான், தென்னாப்பிரிக்காவில். உலகத்தில் அவ்வளவு ஆழமான குழிகள் யாரை வைத்து வெட்டப்பட்டன? ஒன்றில் பறையனை இறக்கினார்கள், மற்றதில் கறுப்பனை. விஞ்ஞான வரலாற்றில் இரண்டு ஆய்வுக்குழுக்களின் பெயரும் இருக்கிறது. குழி தோண்டினவனின் பெயர் எதிலும் இல்லை. அறிவியலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த அறிவு எந்தத் தோள்மேல் ஏறி நின்றது என்பதையும் சேர்த்துப் பாடம் நடத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கூலிக்காரனைக் கம்பெனி எப்படி நடத்தியது என்பதற்குச் சட்டமே சாட்சி. 1897இல் வந்த மைசூர் சுரங்க ஒழுங்குவிதியின்படி, சுரங்கப் பொருள் ஒருவன் கையில் இருந்து அதற்கு அவன் கணக்குச் சொல்ல முடியாவிட்டால் குற்றவாளி. திருடினான் என்று கம்பெனி நிரூபிக்கத் தேவையில்லை, திருடவில்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவனைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவது. பூமியைக் கிழித்துத் தங்கத்தை எடுத்துக் கொடுக்கிறவன் திருடன், லண்டனில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறவன் முதலாளி. என்னய்யா நியாயம்?

அதற்கு மேலும் போய், ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யக் கிளம்பினார்கள். கைரேகை வாங்குவது என்றால் அன்றைக்கு யாரிடம் வாங்குவது? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தின ஜனங்களிடம், ஜெயிலில் இருக்கிறவனிடம். 1930 ஏப்ரலில் தங்கவயல் தொழிலாளர்கள் முடியாது என்றார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தார்கள். இந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காக வந்ததல்ல. என் விரலை நீ திருடனின் விரலாக்காதே என்று வந்தது. சுயமரியாதை என்ற சொல்லை மேடையில் கேட்டவர்கள் பலர். அதற்காக மூன்று வாரம் பட்டினி கிடந்தவர்கள் இவர்கள்.

இங்கேதான் சிலர் குறுக்கே வந்து, 'எப்படியிருந்தாலும் சுரங்கம்தானே தலித்துகளுக்கு விடுதலை கொடுத்தது? கிராமத்தில் செருப்புப் போட முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டான், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினான்' என்பார்கள். இதில் பாதி உண்மை. மாதச் சம்பளம் என்பது பண்ணையாரின் பிடியிலிருந்து வெளியே வர ஒரு வழி. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கம்பெனி வழி திறந்தது அதனுடைய தேவைக்காக. அந்த வழியில் நடந்து போய் மனிதனாக நிமிர்ந்தது ஜனங்கள் தாங்களே செய்துகொண்ட காரியம். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றின முக்கியமான இடங்களில் ஒன்று மாரிகுப்பம். சென்னையில் 1907இல் அவர் தொடங்கின பத்திரிகை தமிழன். 1914இல் அவர் இறந்த பிறகு தடுமாறி நின்றுபோன அந்தப் பத்திரிகையை 1926இல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது எங்கிருந்து? தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களைப் பாதுகாத்து மறுபடி அச்சிட்டதும் தங்கவயல் பௌத்தர்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பண்டிதர் என்று ஒருவர் இருந்ததையே மறந்து கிடந்த காலத்தில், சுரங்கத் தூசி படிந்த கைகள் அந்தப் புத்தகங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தன. 1954இல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார் என்றால் சும்மா வரவில்லை. தனக்கு முன்பே புத்தரிடம் போயிருந்த ஜனத்தைப் பார்க்க வந்தார். இதையெல்லாம் ஜான் டெய்லர் கம்பெனியா கொடுத்தது?

சங்கம் வைத்தபோது என்ன கிடைத்தது என்பதும் தெரிந்ததுதான். 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். சுதந்திரத்துக்கு ஒன்பது மாதம் இருந்தது. வேறு இடமாக இருந்திருந்தால் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். தங்கவயல் தியாகிகளைத் தங்கவயலுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது அந்தச் சினிமாவுக்கு வருவோம். 2018இலும் 2022இலும் ஊரின் பெயரையே தலைப்பாக வைத்து இரண்டு பாகம் வந்து, கோடி கோடியாய் வசூலித்தது. அதில் 1951இல்தான் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது, அதே நாளில் கதாநாயகன் பிறக்கிறான். தொழிலாளிகள் வாயில்லா அடிமைகளாக, முகம் தெரியாத கூட்டமாக, தங்களைக் காப்பாற்ற ஒருவன் வருவானா என்று காத்துக் கிடக்கிறார்கள். கற்பனைக் கதைதானே என்பார்கள். கற்பனைக்கு அந்த ஊரின் பெயர் எதற்கு? சயனைடு மலை மேலேயே செட் போட்டுப் படம் எடுத்தது எதற்கு? நிஜத்தில் 1951 என்றால் தங்கம் தோண்டத் தொடங்கி எழுபது வருஷம் ஆகியிருந்தது. கைரேகைப் போராட்டம் நடந்து இருபத்தோரு வருஷம், துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்து ஐந்து வருஷம். யாருக்காகவும் காத்திருக்காமல் தாங்களே எழுந்து நின்ற ஒரு ஜனத்தை, காத்துக் கிடந்த ஜனமாகக் காட்டுவது வெறும் கற்பனையா? அது களவு. சட்டைப் பையில் ஒரு துண்டுக் கல் இருந்தால் தொழிலாளிக்கு ஜெயில். அவனுடைய போராட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறவனுக்குக் கைதட்டல். 2024இல் பா. ரஞ்சித்தின் தங்கலான் வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து கதையைத் தொடங்கியது. நல்லது. ஆனால் ஒரு படத்தோடு தீருகிற பாக்கி அல்ல இது.

சினிமாக்காரனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இடதுசாரித் தோழர்கள் 'சுரங்கத் தொழிலாளி' என்று எழுதினார்கள், சாதி விட்டுப்போயிற்று. தமிழ்த் தேசியம் பேசுகிறவர்கள் 'தமிழனின் வியர்வை' என்கிறார்கள். அங்கேயும் சாதி விட்டுப்போயிற்று. எந்தத் தமிழனின் வியர்வை? கிராமத்தில் அவனைக் குளத்தில் இறங்க விடாத தமிழனுக்கும் சேர்த்தா இந்தப் பெருமை? கர்நாடகத்தைக் கேட்டால் அவன் தமிழன், தமிழ்நாட்டைக் கேட்டால் அது கர்நாடக விவகாரம். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறவனை இரண்டு வரலாறும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் மற்றவனைக் கேட்க நமக்கு யோக்கியதை வராது. உலகத்துக்கே தங்கம் கொடுத்த இந்த ஊரில், லைன் லைனாக எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. அவற்றை அள்ளினவர்கள் ஆந்திரப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தெலுங்கு பேசும் தலித்துகள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தலித், மேலே அவன் மலத்தை அள்ளுகிறவளும் தலித். சங்கங்கள் எத்தனையோ கோரிக்கை வைத்துப் போராடின. வாளி தூக்கினவளின் வாளி அந்தப் பட்டியலில் எத்தனாவது இடத்தில் இருந்தது? 1993இல் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சுரங்கக் குடியிருப்பிலோ அவை அப்போதும் இருந்தன, அதுவும் அரசுக் கம்பெனியின் பொறுப்பில். அந்த அள்ளும் குடும்பத்தில் 1966இல் பிறந்த பெசவாடா வில்சன்தான் மனுக்கள் எழுதி, வழக்குப் போடுவேன் என்று சொல்லி, நிர்வாகத்தை அசைத்தார். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்று நாடு முழுக்க விரிந்த இயக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது எல்லோரும் தங்கவயல்காரர் என்று பெருமைப்பட்டோம். படலாம். ஆனால் அந்த வாளியை நிறுத்த, வாளி தூக்கின வீட்டிலிருந்தே ஒருவன் வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தலித் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறோமே, அதற்குத் தங்கவயல் வைத்த பரீட்சை இது. அதில் நாம் நல்ல மார்க் வாங்கவில்லை.

இனி மூச்சுக் கணக்கு. தங்கம் இருந்தது வெண்கல் பாறையில். அதைத் துளைபோட்டால் பறக்கிற தூசி கண்ணுக்குக்கூடத் தெரியாது. மூக்கு வழியாய் உள்ளே போய் நுரையீரலில் உட்கார்ந்து, பஞ்சு மாதிரி இருக்க வேண்டியதை இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர். மருந்து கிடையாது. மைசூர் அரசு 1940இல் இந்த நோய்க்கென்று விதிகள் கொண்டு வந்தது. அந்த நாற்பதுகளில் பரிசோதித்துப் பார்த்த தங்கவயல் தொழிலாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பது! இருமிக்கொண்டே செத்தவனுக்கு டி.பி. என்றார்கள், குடி என்றார்கள், சாராயத்தால் கெட்டான் என்றார்கள். அவன் குடித்தானா இல்லையா என்பது வேறு விஷயம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் எட்டு மணிநேரம் அவனைக் கல்லைக் குடிக்க வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தங்கம் குறைந்துவிட்டது, நஷ்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். அதற்குப் பிறகு நடப்பதை மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் போய் நின்றால் தெரிந்துகொள்ளலாம். தாத்தாவும் அப்பாவும் பூமிக்குள் இறங்கின ஜனத்தின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். செக்யூரிட்டி வேலை, கட்டட வேலை, துணிக் கம்பெனி, கொஞ்சம் படித்தவர்களுக்கு ஆபீஸ் வேலை. போக இரண்டு மணிநேரத்துக்கு மேல், வர இரண்டு மணிநேரத்துக்கு மேல். இருட்டில் போய் இருட்டில் திரும்புவதில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை.

ஊரில் மிஞ்சியிருப்பது சைனைட் மலை. காற்று எழும்புகிற மாதங்களில் அந்தத் தூசி பறந்து வந்து சோற்றில் விழுகிறது, கொடியில் காயும் துணியில் படிகிறது, குழந்தையின் மூச்சில் ஏறுகிறது. மழை பெய்தால் மலையிலிருந்து வடிகிற தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிறது. சுரங்கத்துக்குள் இறங்காதவனுக்கும் சுரங்கத்தின் தூசியில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். தங்கத்தில்தான் பங்கு இல்லை.

அந்த மலையை மறுபடி கரைத்துத் தங்கம் எடுக்கப்போகிறார்கள் என்றால், நம்முடைய நிலைப்பாடு என்ன? எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலை அங்கிருந்து போவது நல்லதுதான். ஆனால் ஒரு மலையைக் கரைத்து அதே விஷத்தை இன்னொரு மேடாகக் கொட்டினால் யாருக்கு என்ன லாபம்? எந்த மேட்டில் கை வைப்பதற்கு முன்பும், தூசியையும் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து முடிவை ஜனங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். உயிரோடிருக்கிற முன்னாள் தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் நுரையீரல் பரிசோதனை நடத்தி, நோய் உள்ளவர்களுக்கும் நோயில் செத்தவர்களின் குடும்பத்துக்கும் இழப்பீடு தர வேண்டும். வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில், அதிலும் மலம் அள்ளின குடும்பங்களை விட்டுவிடாமல். வருகிற வருமானத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்கென்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்கள், 1930இல் எழுந்தவர்கள், 1946இல் விழுந்தவர்கள், மாரிகுப்பம் பௌத்தர்கள், தமிழன் பத்திரிகை, எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகம் அந்த மண்ணிலேயே வேண்டும். பங்களாக்களைப் புதுப்பித்துச் சுற்றுலா நடத்த நினைக்கிறவர்கள் லைன் வீடுகளில் ஒன்றையும் அப்படியே வைத்துக் காட்டட்டும்.

இதெல்லாம் பிச்சை கேட்பதல்ல. ஒரு சட்டம் இருந்ததே, கையில் சுரங்கப் பொருள் இருந்தால் அது எப்படி வந்தது என்று கணக்குச் சொல்ல வேண்டும் என்று? அதே சட்டத்தை நாம் திருப்பிக் கேட்போம். 13 மலைகள் கையில் இருக்கின்றன. எப்படி வந்தன என்று கணக்குச் சொல்லட்டும். மலையை அளக்க வருகிற அதிகாரிகள் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதற்கு முன்னால், நோட்டை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குள் போகட்டும். வீடு வீடாக உட்கார்ந்து, இறங்கினவன் யார், திரும்பி வராதவன் யார், இருமிச் செத்தவன் யார், வாளி தூக்கினவள் யார் என்று பேர் பேராக எழுதட்டும். அந்த நோட்டு நிறைந்த பிறகு டெண்டரைப் பற்றிப் பேசலாம்.